சூசன்னாளின் கர்வாலிமரம்

சூசன்னாளின் சரித்திரத்திலே இரண்டாம் மூப்பன் சுட்டும் மரம் கிரேக்கத்தில் ‘பிரினோஸ்’ எனப்படும்; மத்தியதரைக்கடலோரச் சரிவுகளில் வளரும் இலையுதிராக் கர்வாலி. இவ்வினத்துள் மேற்றிசையில் வளர்வதொன்றின் கொட்டை துவர்ப்பின்றி இனிக்கும். ஸ்பானியாவில் விருந்தின் இறுதியில் அது பரிமாறப்பட்டதாகப் பிளினி எழுதியுள்ளார்.

வேதமாணவர்க்கு முக்கியமானது மரத்தின் பெயரே. ‘வாளால் அறு’ எனப் பொருள்படும் ‘பிரியோ’ என்னும் வினையைக்கொண்டு தானியேல் தீர்ப்புரைக்கிறார். இச்சிலேடை எபிரெயத்தில் அமையாதாகையால் மூலம் கிரேக்கமே என்று மூன்றாம் நூற்றாண்டில் யூலியு ஆப்பிரிக்கானு ஓரிகேனுக்கு எழுதினார். மொழிபெயர்த்தோர் மூலத்துச் சிலேடைக்கு ஈடான சொற்களைத் தெரிந்திருக்கலாம் என்பது ஓரிகேனின் மறுமொழி. (தமிழிற் பெயர்ப்போரும் அவ்வாறே செய்யவேண்டியதாகும், ‘கர்வாலி’ என்றால் சிலேடை மறைந்துபோம்.) ஆகவே தள்ளுபடி ஆகமங்களைப் போதிக்கையில் இதனை முடிவான சான்றாகக் காட்டுவது தகாது. ஆப்பிரிக்கானு கூறிய மற்ற நியாயங்களையும் சேர்த்தே ஆராயவேண்டும்.