பழைய வால்வு ஆம்பை உடனே ஆன் செய்யக் கூடாது, ஏன்?

1950களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவில் தயாரான ஃபெண்டர் டீலக்ஸ் கிட்டார் ஆம்ப் ஒன்று, பல வருடம் பரணில் கிடந்து உங்கள் கைக்கு வருகிறது. பிளக்கைச் செருகிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். வேண்டாம்.

உள்ளே அட்டை உறை சுற்றிய தடித்த கெப்பாசிட்டர்கள் இருக்கும். மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டுபவை அவைதான். அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம் அவற்றின் உயிர். வோல்டேஜ் கிடைத்துக்கொண்டே இருந்தால் படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். சும்மா கிடந்தால் நலியும். உள்ளிருக்கும் ஈரப்பசையும் காய்ந்துவிடும். அந்த நிலையில் திடுமென்று 350 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், கசிவு பெருகிச் சூடேறி வெடிக்கலாம். கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் கருகினால் பெரிய இழப்பு. அதே காலத்து அசல் லேசில் கிடைக்காது.

ஆகவே முதலில் இந்தக் கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். பிளக்கை உருவிய பிறகும் அவற்றில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து, ஆம்புக்கு மின்சாரம் வரும் வழியில் சீரிஸாக ஒரு குண்டு பல்பை இணையுங்கள். ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட்.

வால்வையும் கவனியுங்கள். வால்வுகளுக்கு இடையிலுள்ள சின்னக் கெப்பாசிட்டர் கசிந்தால் 6வி6 என்ற பவர் வால்வின் கிரிட்டில் வேண்டாத வோல்டேஜ் ஏறும். கண்ணாடிக்குள் அதன் சாம்பல் நிறத் தகடு மெல்லச் சிவக்கத் தொடங்கும். அந்தக் கணமே சுவிட்சை அணையுங்கள்.