வேலியில் பூத்த செங்காந்தளும் வீட்டுப் பூனையும்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் பூனையில்லாத தெருவைக் காண்பது அரிது. தோல் கிடங்கு எங்கேயோ அங்கே எலி. எலி எங்கேயோ அங்கே பூனை. பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் கிடங்குக் காவலர்கள் அவற்றை விரட்டுவதில்லை. நம் பங்குக் குடும்பங்களிலும் குழந்தைகளின் தட்டருகே அமர்ந்து மீன்தலைக்குக் காத்திருக்கும் பூனை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவ்வுயிருக்கு வேலியோரத்தில் காத்திருக்கும் ஓர் ஆபத்தைக் குறித்து வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஜவ்வாது மலை, ஏலகிரி மலை அடிவாரப் புதர்களில் மழைக்குப் பின் ஒரு கொடி தளிர்த்தெழும். அதன் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலுள்ள முள்ளைப் பிடித்துக்கொள்ளும். பச்சையாய் அரும்பி, மஞ்சளாகி, பின் தீக்கொழுந்து போலச் சிவக்கும் ஆறு இதழ்கள் அதன் பூவுக்கு உண்டு. இதுவே செங்காந்தள். கார்த்திகைப்பூ என்றும், கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் வழங்குவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களின் வரிசையில் முதலிடம் இதற்கே. நம் மாநில மலரும் இதுவே. ஆதலால் இதனை வீட்டு முற்றத்தில் வைத்து வளர்க்கும் ஆசை பலருக்கு எழுவதில் வியப்பில்லை. இல்லங்களை மந்திரிக்கச் செல்லுகையில் வேலியில் இக்கொடி படர்ந்திருக்கக் கண்டு நாமும் நின்று பார்த்ததுண்டு. முன்னாளில் தோல் பதனிட ஆவாரம்பட்டை தேடிப் புதர்க்காடுகளில் திரிந்தோர்க்குத் தொடத்தக்க செடி எது, தகாத செடி எது என்ற அறிவு இருந்திருக்கும். பட்டையின் இடத்தைக் குரோம் உப்பு பிடித்தபின் அவ்வறிவும் நம்மிடையே குன்றிவிட்டது போலும்.

இக்கொடியின் இலை, தண்டு, பூ, விதை, கிழங்கு ஆகிய அனைத்திலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. இதே பொருளை மிகச் சிறிய அளவில் மருத்துவர்கள் கீல்வாதத்திற்குக் கொடுக்கின்றனர். அதன் பொருட்டே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விதைக்காக இக்கொடியைப் பயிரிடுகின்றனர். அளவு மீறினாலோ, உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே அது தடுத்துவிடும். இடைவிடாது புதுப்பிக்கப்படும் குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் முதலில் கெடுகின்றன. பின்னர்ச் சிறுநீரகமும் கல்லீரலும் கெடுகின்றன. இதற்கு முறிமருந்து ஏதும் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பதில்லை. இலங்கையில் இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று மயங்கி உண்டு மாண்ட மனிதர்களும் உளர்.

பூனை கிழங்கைத் தோண்டித் தின்னாது. ஆனால் காற்றிலாடும் சுருள்நுனியைக் கண்டால் குட்டி சும்மா இராது. அடித்து விளையாடும், கடித்தும் பார்க்கும். வளர்ந்த பூனையும் அவ்வப்போது புல்லையும் இலையையும் மெல்லுவதுண்டு. போதாக்குறைக்கு, அது தன் மேனியை நாவினாலேயே துப்புரவு செய்வதால் மேலே ஒட்டிய சாறும் வயிற்றுக்குள் சென்றுவிடும்.

இந்நஞ்சின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. உட்கொண்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே எச்சில் வடிதலும், வாந்தியும், இரத்தம் கலந்த கழிச்சலும் தொடங்கும். ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலையில் புறப்படும் தாய்மார் மாலையிலன்றோ வீடு திரும்புகின்றனர்! அதற்குள் பூனை ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். 'எதையோ தின்றிருக்கிறது, விடிந்தால் சரியாகிவிடும்' என்று அந்த இரவையும் கடத்திவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

வாயில் ஒட்டியுள்ள இலைத் துணுக்கை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மேனியையும் துடைத்து, கடிபட்ட கொடியின் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும். உப்புக் கரைசல் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது கூடாது. அதனினும் கொடிது, இரக்கத்தால் பாரசிட்டமால் கொடுப்பது. மனிதரின் கல்லீரல் முறித்துவிடும் அம்மருந்தைப் பூனையின் கல்லீரலால் முறிக்க இயலாது. ஒரே மாத்திரை போதும், பூனை இறந்துவிடும்.

பூனைக்கு இன்னொரு பகை, புனித சூசையப்பரின் கையில் நாம் காணும் லீலி மலர். குளிர்ந்த மலைப்பகுதிகளில் வளர்ந்து, மலர்க்கொத்துகளாக இப்போது திருமண வீடுகளுக்கும் வருகிறது. இதன் நஞ்சு வேறு வகையைச் சேர்ந்தது. நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்காது, பூனையின் சிறுநீரகத்தையோ மூன்றே நாளில் அழித்துவிடும். மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். ஏறத்தாழ முதல் 18 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கினால் நம்பிக்கை உண்டு. நம் பீடங்களை வழக்கமாக அலங்கரிக்கும் நிலச்சம்பங்கியும் ரோஜாவும் இத்தகைய கேடு செய்வனவல்ல என்பதைப் பீடம் அலங்கரிக்கும் சகோதரிகளுக்கு ஆறுதலாகச் சொல்லி வைக்கிறோம்.

காட்டிலுள்ள செங்காந்தள் காட்டிலேயே இருக்கட்டும். மருந்துக்காக அளவின்றித் தோண்டப்பட்டு அது அருகிவருவது நமக்கு வருத்தமே. பூனையும் சிறு குழந்தையும் உள்ள வீட்டின் வேலியிலிருந்து மட்டும் அதனை அகற்றிவிடுங்கள். கையுறை அணிந்து, கிழங்கின் இரு கவர்களும் முழுமையாக வரும்படி தோண்டவேண்டும். கவரின் நுனியிலேயே முளை இருப்பதால், ஒடிந்து மண்ணில் தங்கியது அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்த்துவிடும். தோண்டியதைக் குப்பைமேட்டில் எறியவும் கூடாது, அங்கே ஆடுகள் மேய்கின்றன. பையிலிட்டுக் கட்டி, இன்னதென்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.