தொழுகை விரிப்பில் பூனை முடி: சட்டமும் சுத்தமும்



சென்ற மாதம் நமது டிரஸ்ட் அலுவலகத்திற்கு ஒரு குடும்பத்தார் வந்தார்கள். வந்தது கல்வி உதவிக்கோ மருத்துவ உதவிக்கோ அல்ல. ஒரு பூனை விஷயமாக. மூன்று வருடமாக வீட்டில் வளரும் பூனை. சஜ்தா செய்யும் இடத்தில் அதன் முடியைக் கண்ட மாமியார், தொழுகை கூடவில்லை என்று ஒவ்வொரு வக்தையும் திருப்பித் தொழுது வந்தார். பூனை முடியால் ஒரு குறையும் இல்லை என்பது மருமகளின் வாதம். இடையில் அகப்பட்ட மகன், பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட முடிவு செய்திருந்தார். பேத்தி அழுதுகொண்டே கூட வந்திருந்தாள்.

அவர்களை இமாமிடம் அழைத்துச் சென்றோம். அவர் விளக்கியதையும், முடியை நீக்கும் வழிகளையும் இங்கே தருகிறோம். பூனை வளர்க்கும் வீடுகள் நம் மஹல்லாவில் கூடிவருவதால் இது பலருக்கும் பயன்படும்.

சட்டம் என்ன?

பூனை அசுத்தமான பிராணி அல்ல. அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இந்த ஹதீஸ் உள்ளது.

உதிர்ந்த முடி விஷயத்தில்தான் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில் பூனையின் முடி சுத்தமானது. உடையில் இருந்தாலும் தொழுகை கூடும். ஷாஃபிஈ மத்ஹபில், உண்ண ஆகுமாக்கப்படாத பிராணியின் உடலிலிருந்து உயிருடன் இருக்கும்போதே பிரிந்த முடி நஜீஸ். ஆனால் சிறிதளவு மன்னிக்கப்படும். மாமியார் ஷாஃபிஈ, மருமகளின் தாய்வீடு ஹனஃபி. இருவருமே தாம் ஓதியதைத்தான் சொன்னார்கள். மாமியார் விட்டது ஒன்றே ஒன்று: ஓரிரு முடிக்காகத் தொழுகையைத் திருப்ப வேண்டியதில்லை. அந்தச் சலுகையை ஏற்காமல் மனதை வருத்திக்கொண்டால் அது வஸ்வாஸில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்றையும் இமாம் சொன்னார். முடியும் காய்ந்தது, துணியும் காய்ந்தது என்றால் நஜீஸ் துணிக்குத் தாவாது. முடியை எடுத்துவிட்டாலே போதும், துணியை அலச வேண்டியதில்லை. (நாய் விஷயத்தில் சட்டம் வேறு, இதோடு கலக்க வேண்டாம்.) உங்கள் வீட்டு நிலைமையில் சந்தேகம் இருந்தால் இமாமிடம் நேரில் கேளுங்கள்.

உடையிலிருந்து நீக்க

முதல் விதி: முடி ஒட்டிய துணியை அப்படியே நனைக்காதீர்கள். நனைந்த முடி நூலோடு பின்னிக்கொள்ளும். வாஷிங் மெஷினில் போட்டால் மற்றத் துணிகளுக்கும் பரவும். முதலில் வெளியே கொண்டுபோய் நன்றாக உதறுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரே திசையில் தடவுங்கள். முடி திரண்டு உருண்டையாக வந்துவிடும். முன்னும் பின்னும் தேய்த்தால் வந்த முடி மறுபடி ஒட்டும்.

புர்காவில்தான் முடி அதிகமாகத் தெரியும். செயற்கை இழைத் துணிகள் உராய்வில் மின்னேற்றம் பெற்று முடியை இழுத்துப் பிடிப்பதே காரணம். கடைசி அலசலில் துணி மென்மையாக்கும் திரவம் சிறிது சேர்த்தால் இது குறையும். அவசரத்திற்கு, அகலமான பேக்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி கையில் சுற்றி ஒற்றி எடுக்கலாம். புர்காவை நாற்காலியில் போடாமல் பீரோவுக்குள் மாட்டினால் பாதி வேலை மிச்சம். வாஷிங் மெஷினின் பஞ்சு வடிகட்டியையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள்.

முஸல்லாவும் பாயும்

வெல்வெட் முஸல்லாவின் இழைக்குள் முடி புதைந்து கிடக்கும். உதறினால் மட்டும் போகாது. துணி பிரஷ்ஷால் ஒரே பக்கமாக வாருங்கள், அல்லது ரப்பர் கையுறையால் இழுங்கள். தொழுதவுடன் மடித்து அலமாரியில் வையுங்கள். விரித்த முஸல்லாவைப் போல் பூனைக்குப் பிடித்த படுக்கை வேறில்லை. கோரைப்பாயை, பின்னல் ஓடும் திசையில் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

வீட்டுக்குள்

பூந்துடைப்பத்தால் வேகமாகக் கூட்டினால் முடி எழும்பி, சற்று நேரத்தில் வேறிடத்தில் இறங்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, துடைப்பத்தின் நுனியில் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி மெல்லக் கூட்டுங்கள். சோபா, மெத்தை, ஜன்னல் திரை ஆகியவற்றுக்கும் ஈரமான ரப்பர் கையுறை உதவும். கொசுவலையையும் ஃபேன் இறக்கைகளையும் மறந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முடி விழும் முன்பே பிடிப்பது. தினமும் ஐந்து நிமிடம், மாடியிலோ முற்றத்திலோ வைத்துப் பூனையைச் சீப்பால் வாருங்கள். நக்கி விழுங்கும் முடியும் குறையும், வயிற்றில் முடி உருண்டை சேர்வதும் குறையும். முடி திட்டுத் திட்டாகக் கொட்டித் தோல் தெரிந்தால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். படர்தாமரையாக இருந்தால் அது பிள்ளைகளுக்கும் தொற்றும்.

மூச்சிரைப்பு உள்ளவர்கள்

ஒவ்வாமைக்கு முடி நேரடிக் காரணம் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒருவகைப் புரதமே காரணம். அது முடியிலும் தோல் துகளிலும் ஒட்டி வீடெங்கும் பரவுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் முடியை எடுத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. படுக்கையறைக்குள் பூனையை விடாதீர்கள். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். அவர் பூனை வேண்டாம் என்றால் அதைக் கேளுங்கள்; ஆனால் தெருவில் விடாமல், வளர்க்க மனமுள்ள ஒரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். பூனை போன பிறகும் அந்தப் புரதம் பல மாதங்கள் வீட்டில் தங்கும் என்பதால் சுத்தம் செய்வதைத் தொடர வேண்டும்.

அந்த வீட்டில் நடந்தது

ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்றதை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்த பூனையை, நாய்கள் திரியும் மார்க்கெட்டில் விடுவதும் பொறுப்பைக் கைகழுவுவதுதான் என்று இமாம் சொன்னபோது மகன் தலைகுனிந்து கொண்டார்.

இப்போது மாமியாரின் அறைக்குள் பூனை வருவதில்லை. அவருடைய முஸல்லா அலமாரியில் இருக்கிறது. மருமகள் துணிகளை உதறிவிட்டுத்தான் துவைக்கிறார். மாலையில் சீப்பு பேத்தியின் கையில். மாமியார் ஒவ்வொரு வக்தையும் ஒருமுறைதான் தொழுகிறார்.

ஜும்ஆவுக்குக் கிளம்பும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டு வாசலிலேயே சட்டையையும் கைலியையும் ஒருமுறை உதறிவிட்டு வாருங்கள். பக்கத்தில் நிற்பவர் வேறு மத்ஹபைச் சேர்ந்தவராக இருக்கலாம், மூச்சிரைப்பு உள்ளவராகவும் இருக்கலாம்.

சுத்தத்தையும் இரக்கத்தையும் சேர்த்தே பேணும் மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கிவைப்பானாக. ஆமீன்.