இரண்டு கருந்தேன்சிட்டுகள்

லோட்டன் தேன்சிட்டும் ஊதாத் தேன்சிட்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஆண் பறவை நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னும். மினுக்கத்துக்குக் காரணம் சாயம் அல்ல, இறகிலுள்ள நுண்ணடுக்குகளில் ஒளி தெறிப்பது. கொழும்பு ஹெவ்லொக் டவுன் வளவுகளில் செவ்வரத்தையை நாடி வரும் கருஞ்சிட்டும் யாழ்ப்பாணத்தில் முருங்கைப் பூவைச் சுற்றும் கருஞ்சிட்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது எளிது. கொழும்பில் வழக்கமாகக் காணப்படுவது லோட்டன். வடக்கின் உலர் தாழ்நிலங்களில் மிகுதியாக இருப்பது ஊதா.

நம்பத்தக்க அடையாளம் சொண்டு. லோட்டனின் சொண்டு நீண்டு, அரிவாள் போல் நன்றாக வளைந்திருக்கும். ஊதாவின் சொண்டு குட்டை, வளைவும் குறைவு. உடலிலும் லோட்டனே சற்றுப் பெரியது. நீண்ட சொண்டு ஆழமான குழல்பூக்களின் அடிவரை எட்டும். ஆனாலும் தேன்சிட்டுகள் எப்போதும் பூவின் வாய் வழியாகத்தான் தேன் குடிக்கும் என்பதில்லை. செவ்வரத்தை போன்ற பெரிய பூக்களின் அடியைக் குத்தித் துளையிட்டுத் தேனை எடுப்பதும் உண்டு. அப்போது மகரந்தம் பறவையில் ஒட்டுவதில்லை. பூவுக்குப் பயனும் இல்லை.

அடுத்தது நெஞ்சு. லோட்டன் ஆணின் நெஞ்சில் கருஞ்சிவப்புப் பட்டை தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே வயிறு மங்கிய பழுப்பு. ஊதா ஆணின் வயிறோ கருநீலம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதா ஆண் அந்தக் கோலத்தைக் களைந்து, பெண்ணைப் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளும்.

பெண்களைப் பிரிப்பது கடினம். இரண்டும் மேலே பழுப்பு, கீழே மஞ்சள். ஊதாப் பெண்ணின் கண்ணுக்கு மேல் ஒரு வெளிர்கோடு ஓடும், லோட்டன் பெண்ணுக்கு அது இல்லை. ஐயம் வந்தால் மறுபடியும் சொண்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஊதாத் தேன்சிட்டின் பரப்பு மேற்காசியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை விரிகிறது. லோட்டனுக்கோ இலங்கையும் இந்தியத் தீபகற்பமும்தான் உலகம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோவான் கிதியோன் லோட்டன் இங்குள்ள பறவைகளை ஓவியமாகத் தீட்டச் செய்தவர். 1766இல் லின்னேயசு இப்பறவைக்கு இட்ட அறிவியல் பெயரில் அவர் பெயர் நிலைத்தது.

இரண்டுமே நாரும் சருகும் சிலந்தி நூலும் சேர்த்துத் தொங்கு கூடு கட்டும். கட்டுவது பெண், வழக்கமாக இரண்டு முட்டைகள். தேன்குடியரின் குஞ்சுகள் வளர்வது பூச்சியாலும் சிலந்தியாலும்தான். தேனில் புரதம் போதாது. அதனால் பூச்சிமருந்து தெளித்த வளவில் பூ நிறைந்திருந்தாலும் இந்தச் சிட்டுகளால் குஞ்சு வளர்ப்பது கடினம்.