ஒரு கிலோ அரிசியா, அறுபது ரூபாயா?

போன தீபாவளிக்கு நாங்க ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். என்.எஸ்.எஸ். சார்பா வகுப்பு வகுப்பா ஏறி இறங்கி, "ஆளுக்கு ஒரு கிலோ அரிசி" என்று கேட்டு, கிட்டத்தட்ட 400 கிலோ சேர்த்திருந்தோம். காலேஜ் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, போட்டோவும் எடுத்தாச்சு. மூட்டைகளை வைக்க ஸ்டோர் ரூமைத் திறந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஏற்கெனவே கழுத்தளவுக்கு அரிசி.

"எல்லாம் தீபாவளிக்கு வந்ததுதான் தம்பி. வண்டு விழுறதுக்குள்ள ஆக்கித் தீக்கணும்" என்றார் சமையல்கார அம்மா. "பருப்பு சுத்தமா இல்ல. கேஸ் இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும்." அவங்க குறையா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. ஆனா திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடவில்லை.

இந்த வருஷக் கலெக்‌ஷன் சீக்கிரமே தொடங்கப்போகுது. அதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம்: பசியாற்றும் அமைப்புகளுக்குப் பொருளா கொடுக்கிறது நல்லதா, பணமா கொடுக்கிறது நல்லதா?

முதலில் கணக்கு. 400 பேர் ஆளுக்கு 60 ரூபாய் செலவு பண்ணி ஒரு கிலோ அரிசி வாங்கினால் மொத்தம் 24,000 ரூபாய். கையில் இருப்பது 400 கிலோ அரிசி, வேறொன்றும் இல்லை. அதே 24,000-ஐ இல்லத்தின் கையில் கொடுத்தால்? விலைகளைத் தோராயமா வைத்துக்கொள்வோம். 26 கிலோ மூட்டை 1,300 வீதம் ஐந்து மூட்டைக்கு 6,500. துவரம்பருப்பு 40 கிலோ 5,200. எண்ணெய் 30 லிட்டர் 4,200. கமர்ஷியல் சிலிண்டர் இரண்டு 3,800. இன்னும் 4,300 மிச்சம் இருக்கு. காய்கறிக்கோ, சமையல் ஆள் கூலிக்கோ ஆகும். அரிசி ஏற்கெனவே இருந்தால் அந்த 6,500-ம் மிச்சம்.

அது ஏன் 26 கிலோ மூட்டை என்று யோசிச்சிருக்கீங்களா? 2022 ஜூலையில், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோவா மூட்டை போட ஆரம்பிச்சாங்க. அதாவது நாம சூப்பர் மார்க்கெட்டில் எடுக்கும் ஒரு கிலோ பாக்கெட்டில் சில்லறை லாபமும் வரியும் பாக்கெட் செலவும் சேர்ந்திருக்கு. இல்லம் மொத்தமா வாங்கினால் அதெல்லாம் குறையும்.

ஆனா விலையை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு: தகவல். எது தீர்ந்துபோச்சு என்பது சமைப்பவருக்குத் தெரியும், கொடுப்பவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம். இருந்தும் தானம் என்றாலே நமக்கு அரிசிதான் ஞாபகம் வருது. பருப்பு, எண்ணெய், காய், கேஸ் எல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்தச் சிக்கலை அமெரிக்காவில் பெரிய அளவில் சந்திச்சாங்க. அங்கே 'ஃபுட் பேங்க்' என்று ஒரு அமைப்பு முறை உண்டு. கம்பெனிகளிலும் பண்ணைகளிலும் மிஞ்சும் உணவை வாங்கிச் சேமித்து, ஏழைகளுக்குக் கொடுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்பும் கிடங்கு அது. முதல் கிடங்கு 1967-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வந்தது. இன்று சுமார் 200 கிடங்குகள் 'ஃபீடிங் அமெரிக்கா' என்ற வலையமைப்பில் இருக்கு. முன்பெல்லாம் தலைமை அலுவலகமே வரிசைப்படி லோடுகளை ஒதுக்கும். உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடாஹோவுக்கே உருளைக்கிழங்கு லோடு ஒதுக்கினால் எப்படி இருக்கும்? நம்ம ஸ்டோர் ரூம் கதைதான்.

2005-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் உதவியோட முறையை மாத்தினாங்க. ஒவ்வொரு கிடங்குக்கும் 'ஷேர்' என்ற ஒரு விளையாட்டுப் பணம். தேவை அதிகம் உள்ள இடத்துக்கு அதிக ஷேர். வரும் லோடுகளை அதை வைத்து ஏலம் எடுத்துக்கலாம். என்ன ஆச்சு தெரியுமா? எளிதில் கெடாத சீரியல், பாஸ்தா எல்லாம் பல மடங்கு உயர்ந்த விலைக்குப் போச்சு. பச்சைக் காய்கறி மலிவா கிடைச்சது. யாருக்கும் வேண்டாத சில லோடுகளுக்கு விலை பூஜ்யத்துக்கும் கீழே போச்சு. எடுத்துக்கிட்டவங்களுக்கே ஷேர் கொடுத்தாங்க! எங்கே எது வேணும் என்று யாரும் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதல. ஏல விலையே அதைச் சொல்லிடுச்சு. பணம் செய்கிற வேலை இதுதான்: தேர்ந்தெடுக்கிற உரிமையைத் தேவை உள்ளவர் கையில் கொடுக்குது.

ஃபீடிங் அமெரிக்கா ஒரு டாலருக்குக் குறைந்தது 10 வேளை உணவு என்று சொல்லும். அதைப் பார்த்து இங்கேயும் அதே கணக்குப் போடக் கூடாது. அங்கே பெரும்பகுதி உணவு இலவசமா வருது. டாலர் லாரிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும்தான் போகுது. எல்லாத்தையும் கடையில் வாங்கும் ஒரு சின்ன இல்லத்தில் பணம் அவ்வளவு பெருகாது. ஆனாலும் அரிசி மூட்டையை விட நிச்சயமா தூரம் போகும்.

அப்போ பொருளே கொடுக்கக் கூடாதா? அப்படி இல்லை. இரண்டு இடத்தில் பொருள்தான் சரி.

ஒன்று, பேரிடரின் முதல் சில நாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கரண்ட் இல்லை, கடை இல்லை, ஏடிஎம் வேலை செய்யல. கையில் ஆயிரம் ரூபாய் இருந்தும் ஒரு பன் வாங்க முடியாது. அங்கே சோற்றுப் பொட்டலம்தான் உயிர். கடைகள் திறந்ததும் நிலைமை மாறிடும்.

இரண்டு, ஏற்கெனவே மிஞ்சிப்போன உணவு. ஹாஸ்டல் மெஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ மிஞ்சினதைக் குப்பையில் கொட்டுவதற்குப் பதில் கொடுப்பது நல்லதுதான். ஆனா நேரம் முக்கியம். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை உள்ள வெப்பத்தில் கிருமிகள் வேகமா பெருகும். மதியம் மிஞ்சின சாம்பார் சாதத்தை மூடி வைத்து ராத்திரி கொண்டு போனால், பாவம், அது தானம் இல்லை, வயிற்றுப்போக்கு. முதலில் போன் பண்ணிக் கேட்டு, ஆறுவதற்குள் கொண்டு சேர்க்கணும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நிறைய பேர் பணம் கொடுக்கத் தயங்குவாங்க. "பணம் எங்கே போகும்னு யாருக்குத் தெரியும்? அரிசின்னா வயித்துக்குத்தான் போகும்" என்று. நியாயமான பயம்தான், சிரிச்சு ஒதுக்க முடியாது. ஆனா அதுக்கு மருந்து ரசீதும் கணக்கும்தான், அரிசி இல்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் அரிசியையும் வித்துடலாமே! பதிவு செய்த அமைப்பா, ரசீது தருவாங்களா, வரவு செலவைக் காட்டுவாங்களா என்று கேளுங்க. அதுக்கும் மனசு ஒப்பலையா, கடைக்காரருக்கு நேரா பணம் கட்டிட்டு, பட்டியலை மட்டும் இல்லத்திடம் கேட்டு வாங்குங்க.

இந்த வருஷம் எங்க யூனிட் அந்த அம்மாவுக்குத்தான் முதலில் போன் பண்ணுச்சு. "என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "இது வரைக்கும் யாரும் கேட்டதில்லையே தம்பி" என்றவர், பட்டியலைச் சொல்ல ஆரம்பிச்சார். முதல் வரி துவரம்பருப்பு. கடைசி வரி கிரைண்டருக்கு ஒரு பெல்ட். அரிசி அதில் இல்லவே இல்லை.

அதனால இந்தத் தடவை உங்க வகுப்புக்கு வரும்போது எங்க கையில் சாக்கு இருக்காது. ரசீது புத்தகம் இருக்கும். ஆளுக்கு அறுபது ரூபாய் போதும்.