பற்பதியமும் தகைவும்

அறிவியலைத் தமிழில் எழுதுங்கால் நேரும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் புதுச்சொல் இன்மையால் நேர்வன என்பது பலர் கருத்து. ஆயின், உள்ள சொல் ஒன்றே பல கருத்துகளைச் சுமந்து நிற்றலால் நேரும் இடர்ப்பாடு அதனினும் பெரிது. செயற்கைப் பல்லுக்கு எப்பொருள் ஏற்றது என்னும் வினா இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 'உறுதியான பல் எலும்பை அழுத்தும். மெத்தென்ற பல் எலும்பைக் காக்கும்' என்னும் எண்ணம் எளிதில் எழுகின்றது. அஃது எத்துணை உண்மை என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1. பதியத்தின் அமைப்பு

பல் இழந்த இடத்தில் தாடையெலும்பினுள் திருகாணி போன்றதோர் உலோகத் தண்டினைப் பதித்து, அதன்மேல் இணைப்புத் துண்டு ஒன்றைச் சிறு திருகினால் இறுக்கி, அதற்கும் மேலே பல்லின் வடிவினதாகிய மூடியை அமைப்பர். மருத்துவர் இம்ப்ளாண்ட் என வழங்கும் அத்தண்டினை நாம் பதியம் என்போம். தோட்டத்துப் பதியம் தானே வேர்விட்டு மண்ணைப் பற்றும். இங்கோ, எலும்பே வளர்ந்து வந்து தண்டினைப் பற்றுகின்றது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க், 1952ஆம் ஆண்டளவில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியை மீட்டும் எடுக்கவியலாவாறு எலும்பு பற்றியிருத்தலைக் கண்டார். 1965இல் இம்முறை மனிதர்க்கும் கையாளப்பட்டது.

இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்பிற்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. பதியத்திற்கு அஃது இல்லை. ஆகவே, மெத்தையின் தொழிலை மூடியே ஆற்றுதல் வேண்டும் என்னும் கருத்துத் தோன்றியது. எந்திரவியல் அறிஞர் இசுகாலக் 1983இல் எழுதிய கட்டுரையில், அதிர்ச்சியைத் தாங்குதற்கு அக்ரிலிக் பற்கள் உதவும் எனக் காட்டினார்.

2. தகைவும் திரிபும்

புறத்தேயிருந்து ஒரு பரப்பின்மீது செலுத்தப்படுவது அழுத்தம். அங்ஙனம் விசைக்குட்பட்ட பொருள் தன்னுள்ளே எதிர்த்து நிற்கும் நிலையை, ஓரலகு பரப்பிற்கு இவ்வளவு எனக் கணக்கிடுவது தகைவு. தகைதல் என்பதற்குத் தடுத்தல் என்னும் பொருள் உண்மையின் இச்சொல் மிகப் பொருந்துவதாம். அழுத்தம் என்று எழுதின், இழுவிசைத் தகைவும் சறுக்குப்பெயர்ச்சித் தகைவும் விடுபட்டுப்போம். பீங்கான் மூடி உடைவது பெரும்பாலும் இழுவிசையால் ஆதலின், இவ்விடுபாடு சிறியதன்று.

தகைவினால் பொருளின் வடிவில் நேரும் மாற்றம் திரிபு. புணர்ச்சியில் எழுத்து வேறுபடுதலைத் திரிபு என வழங்கிய நமக்கு இச்சொல் புதியதன்று. ஆயின், இலக்கணத் திரிபு நிலைத்து நிற்கும். மீட்சி எல்லைக்குட்பட்ட திரிபோ விசை நீங்கியவுடன் நீங்கும்.

3. 'உறுதி' என்னும் சொல்

வளையாமை விறைப்பு; கீறுபடாமை கடினம்; பெருந்தகைவைத் தாங்குதல் வலிமை; விரிசல் பரவவிடாமை முறிவுத்தடை. இந்நான்கினையும் பேச்சுவழக்கில் 'உறுதி' என்றே கூறிவிடுகின்றோம். பீங்கான் கடினமானது, எனினும் எளிதில் விரிசலுறும். அக்ரிலிக் வளைந்து கொடுக்கும். எனினும் விரைவில் தேயும்.

இவற்றுள் விறைப்பினை அளப்பது யங் குணகம். கிகா பாஸ்கல் அலகில் அது தாடையின் புறவெலும்பிற்கு ஏறத்தாழ 10 முதல் 20 வரை. டைட்டேனியத்திற்கு 110 அளவு. சிர்க்கோனியாவிற்கு 200 அளவு. பற்பீங்கானுக்கு 70 அளவு. அக்ரிலிக்கிற்கு 2 முதல் 3 வரை. எலும்பும் டைட்டேனியமும் விறைப்பில் இத்துணை வேறுபடுதலின், இரண்டும் முதற்கண் கூடுமிடமாகிய எலும்பின் மேல்விளிம்பில் தகைவு செறிகின்றது.

4. ஒற்றைப் பல்: சும்மாட்டு உவமை

தலைச்சுமை தூக்குவோன் சும்மாட்டைத் துணியால் செய்யினும் வைக்கோலால் செய்யினும் அவன் காலடி தாங்கும் எடை மாறுவதில்லை. தலையில் உறுத்தும் இடமே வேறுபடும். அதுபோல, மெல்லக் கடித்து அழுத்தும்போது மூடியின் பொருள் எதுவாயினும் அவ்விசை முழுவதும் பதியத்தின் வழியே எலும்பினை அடைந்தே தீரும். உருவினைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணக்கிடும் ஆய்வுகள் பலவும் இதனையே காட்டுகின்றன. மூடியின் பொருள் மாறின், மூடியினுள்ளும் இணைப்புத் துண்டினுள்ளும் தகைவு பெரிதும் மாறுகின்றது. எலும்பினுள் மாற்றம் மிகச் சிறிதே. விசையின் அளவும் சாய்வும், பதியத்தின் விட்டமும் எலும்பின் தன்மையுமே ஆண்டு ஆட்சி செலுத்துகின்றன.

ஆயின், சுமையை உயரத்திலிருந்து தலைமேல் போட்டால் சும்மாட்டின் மென்மை உதவுமன்றோ? சோற்றில் கிடந்த கல்லைத் திடீரெனக் கடித்தல் இத்தகையது. மெத்தென்ற பொருள் மோதலின் காலத்தை நீட்டி, உச்ச விசையைக் குறைக்கின்றது. எனவே, இசுகாலக்கின் கருத்து அதிர்ச்சிக்குப் பொருந்தும், நிலைச்சுமைக்குப் பொருந்தாது. இரண்டனையும் பிரித்துணராமையே மயக்கத்திற்குக் காரணம்.

5. தொடர்பற்கள்: பல்லக்கு உவமை

பல பதியங்களின்மீது ஒரே சட்டத்தால் பற்களைத் தொடுத்து அமைக்குமிடத்து நிலைமை வேறு. பல்லக்கின் தண்டு விறைப்பாயின் சுமை எல்லார்க்கும் பகிர்ந்து செல்லும். வளையுமாயின் சுமைக்கு அணித்தே நிற்பவன் மிகுதியும் தாங்குவான். கோபால்ட்–குரோமியம் போன்ற விறைப்பான சட்டத்தை இங்கு விரும்புதற்குக் காரணம் இதுவே. ஆகவே, 'மென்மை எலும்பைக் காக்கும்' என்னும் கூற்று இவ்விடத்துத் தலைகீழாகின்றது.

எனினும் விறைப்பிற்கும் ஒரு விலை உண்டு. சுமப்போரின் தோள்கள் சமமில்லையேல் வளையாத தண்டு உயர்ந்த தோளையே வருத்தும். சட்டம் பதியங்களின்மீது சரியாகப் பொருந்தாதாயின், திருகுகளை இறுக்கும்போதே தகைவு உள்ளே தங்கிவிடும். உண்ணாதபோதும் அது நீங்காது. திருகு தளர்தற்கும் முறிதற்கும் இஃது ஒரு காரணமாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூடியின் பொருள் முதன்மையாகக் காப்பதும் கெடுப்பதும் மூடியையும் திருகையுமே என்பதும், ஒற்றைப் பல்லில் எலும்பிற்கு அதன் தாக்கம் சிறிது என்பதும், அதிர்ச்சிக்கு மென்மையும் பகிர்விற்கு விறைப்பும் வேண்டப்படும் என்பதும் பெறப்படும். எல்லாவற்றிற்கும் சிறந்த பொருள் என ஒன்றில்லை. எந்தச் சுமைக்கு, எந்த உறுப்பில் என்று வினவியே தெளிதல் வேண்டும்.

மருத்துவர் முன் அமர்ந்து ஒப்பமிடும் நோயாளி, தமது தாய்மொழியில் அச்சிட்ட குறிப்பை நம்பியே முடிவு செய்கின்றார். அக்குறிப்பில் 'உறுதி', 'அழுத்தம்' என்னும் இரு சொற்கள் மட்டும் நின்றால், அவர் தேர்வது தவறான காரணத்தால் தேர்வதாகும். விறைப்பு, வலிமை, தகைவு, திரிபு என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை வேறுபாடு தோன்ற வழங்குதல் தமிழ் கற்றார் கடமையாம்.