திரிசூலம் ஏன் விடுபட்டது?

கணக்கும் கணினியும் – 7

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் நிற்கும் நிலையங்கள் 18. மெட்ரோவில் நீலத் தடம் விம்கோ நகரில் தொடங்கி விமான நிலையத்தில் முடிகிறது; பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு சுற்றிப் பரங்கிமலைக்கு வருகிறது. மின்ரயிலை விட்டு இறங்கி மெட்ரோவுக்கு எந்தெந்த நிலையத்தில் மாறலாம்? பயணிகளுக்கான செயலி ஒன்றில் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த புரோகிராமருக்கு இது சப்பை வேலை. மின்ரயில் நிலையப் பெயர்கள் ஒரு கணம், மெட்ரோ நிலையப் பெயர்கள் இன்னொரு கணம், இரண்டுக்கும் வெட்டு. பைத்தான் மொழியில் நடுவே ஒரு & குறி போட்டால் தீர்ந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமான ‘கண மொழி’யைப் படித்தவர்களுக்கு ∩ குறி நினைவிருக்கும். அதே செயல்தான்.

விடை ஐந்து பெயர்களாக வந்து நிற்கும்: எழும்பூர், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம்.

தினமும் அந்தத் தடத்தில் போகிறவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். சைதாப்பேட்டை மெட்ரோ இருப்பது அண்ணா சாலையில். மின்ரயில் நிலையமோ மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. பெட்டியும் கையுமாக வருகிறவரை அங்கே இறக்கிவிட்டால் வாயில் வந்தபடி திட்டுவார். மாறாக, திரிசூலத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலைய மெட்ரோ வந்துவிடும். பட்டியலில் திரிசூலமே கிடையாது. பார்க் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சென்ட்ரல் மெட்ரோ. அதுவும் இல்லை.

வெட்டு என்ற செயலில் பிழை ஏதும் இல்லை. இரண்டு உறுப்புகள் எப்போது ‘ஒன்றே’ ஆகும் என்பதை அதற்குச் சொல்லித் தரவேண்டும். இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. பாடப்புத்தகத்தில் உறுப்புகள் 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ வருவதால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. வேலைக்கு வந்த பிறகு முதலில் இடிப்பது இதில்தான்.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதிலும் தமிழுக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் உண்டு. ‘கோடம்பாக்கம்’ என்பதில் வரும் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி முழுவதையும் ஒரே குறியீட்டு எண்ணாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு எண்களாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். பைத்தானைக் கேட்டால் வேறு வேறு சொற்கள் என்று அடித்துச் சொல்லும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே ‘நார்மலைஸ்’ என்ற வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் ‘பரங்கிமலை’ என்றும் மற்றதில் ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’ என்றும் இருந்தால் அந்த வசதியும் கைகொடுக்காது.

ரயில்வே இதற்காகவே குறியீடு வைத்திருக்கிறது. தாம்பரம் டி.பி.எம்., பரங்கிமலை எஸ்.டி.எம். ஆனால் அது ரயில்வேயின் குறியீடு, மெட்ரோவைக் கட்டுப்படுத்தாது. ஆகவே கடைசியில் யாராவது உட்கார்ந்து (திரிசூலம், விமான நிலையம்), (பார்க், சென்ட்ரல்), (கிண்டி, கிண்டி) என்று ஜோடி ஜோடியாக எழுதத்தான் வேண்டும். இப்படிப்பட்ட வரிசைச் சோடிகளின் கணத்துக்குக் கணிதத்தில் உறவு என்று பெயர். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் தகவல்தளங்களை இந்த உறவுகளின் மேல்தான் கட்டினார். இன்று பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நாள் முழுக்க ஓடும் எஸ்.க்யூ.எல். என்ற தகவல்தள மொழி அந்த வழியில் வந்தது.

வெட்டைப் போலவே, கணங்களை ஒன்றாக்கும் சேர்ப்புக்கும் தாம்பரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பத்து இடத்திலும் 1-ஆம் வார்டு இருந்தது. வார்டு எண்களை மட்டும் எடுத்துச் சேர்ப்பு போட்டால் பத்து ‘1’களும் ஒரே ‘1’ ஆகிவிடும். கணத்தில் ஓர் உறுப்பு இரண்டு முறை இருக்க இடமில்லை. கணினி பிழைச் செய்தியும் தராது, அந்த எண்ணில் மட்டுமே ஒன்பது வார்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். (பல்லாவரம், 1), (பம்மல், 1) என்று ஊரையும் எண்ணையும் சேர்த்து எழுதினால் அவை தப்பிக்கும். மாநகராட்சியில் புதிதாக எல்லை வரைந்து 70 வார்டுகளுக்கும் புது எண் கொடுத்தார்கள். ஆனாலும் பழைய ஆவணங்களைத் தேட அந்தப் பழைய ஜோடிகள் தேவைப்படும்.

கணத்தை விட்டுத் தர்க்கத்துக்கு வந்தால், பேருந்து ஏறலாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது. டிக்கெட் இயந்திரத்துக்கு இதை ஒருவர் இப்படி எழுதுகிறார்: பெண் அல்லது திருநங்கை அல்லது மாற்றுத்திறனாளி மற்றும் சாதாரணப் பேருந்து. படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சி, ஜாவா, பைத்தான், எஸ்.க்யூ.எல். எல்லாவற்றிலும் ‘மற்றும்’ முதலில் ஒட்டிக்கொள்ளும், ‘அல்லது’ அப்புறம்தான். ஆகவே ‘சாதாரணப் பேருந்து’ என்ற நிபந்தனை மாற்றுத்திறனாளிகளை மட்டும் பிடிக்கும். பெண்களும் திருநங்கைகளும் கிளாம்பாக்கத்தில் ஏ.சி. பேருந்து ஏறினாலும் காசில்லை. முதல் மூன்றையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும். அரசாணையில் அடைப்புக்குறி இராது. படிக்கும் கண்டக்டர் அதை மனசுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்.

இன்னொரு பிழை இதைவிடப் பிரசித்தம். டீலக்ஸும் ஏ.சி.யும் தவிர மற்ற பேருந்துகளைப் பொறுக்க வேண்டும். ‘டீலக்ஸ் இல்லை அல்லது ஏ.சி. இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். டீலக்ஸ் வண்டி ஏ.சி. வகை இல்லை, ஏ.சி. வண்டி டீலக்ஸ் வகை இல்லை. ஆக எல்லா வண்டியும் உள்ளே வந்துவிடும். ‘அல்லது’வை மறுத்தால் ‘மற்றும்’ வரவேண்டும் என்ற டி மார்கன் விதி இங்கே தவறிப்போனது. விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் மதுரையில் பிறந்தவர், 1806-இல். அப்பா கம்பெனிப் படையில் இருந்தார். ஏழு மாதக் குழந்தையாகவே அகஸ்டஸ் இங்கிலாந்து போய்விட்டார். (அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜார்ஜ் பூலுக்கும் நம் பக்கம் ஒரு தூரத்து உறவு உண்டு. அவர் மனைவி மேரி, நில அளவையாளர் எவரெஸ்டின் சகோதரர் மகள். எவரெஸ்ட் தொடர்ந்து நடத்திய நில அளவையின் முதல் கோட்டை 1802-இல் லாம்ப்டன் இழுத்தது பரங்கிமலைப் பக்கம்.)

வெற்றுக்கணத்தைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு மறுசீரமைப்பு நடந்தபோது பகலில் சில மணி நேரம் அங்கே மின்ரயில்கள் ரத்தாயின. அந்த நேரத்துக்கு மட்டும் ‘புறப்பட்ட எல்லா ரயிலும் குறித்த நேரத்தில் புறப்பட்டனவா?’ என்று ஒரு நிரலைக் கேட்டால் ‘ஆம்’ என்று பதில் வரும். பைத்தானின் ‘ஆல்’ என்ற செயல்கூறு வெற்றுப் பட்டியலுக்கு எப்போதும் ‘உண்மை’ என்றே சொல்லும். தாமதமான ரயில் ஒன்றைக் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாதே! தர்க்கப்படி அது சரிதான். அதனால்தான் விவரமான புரோகிராமர்கள் அந்த வரிக்கு மேலே இன்னொரு வரி எழுதி வைக்கிறார்கள்: ரயில் ஏதாவது ஓடியதா என்று முதலில் பார்.

(தொடரும்)